கடாரத்து அரசர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கெடா மாநிலத்தில், மெர்போக் அரும்பொருளகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு கேள்விக்குத் தயாராகப் போவது நல்லது. மலாயில் 'சண்டி' எனப்படும் பழங்கோயில்களில் ஒன்று அங்கே புக்கிட் பத்து பஹாட்டில் இருக்கிறது. கருங்கல்லால் ஆன அந்த அடித்தளத்தைப் பார்த்த உடனே பிள்ளைகள் கேட்பார்கள்: "இதைக் கட்டிய ராஜாவின் பெயர் என்ன?"

அதற்கு விடை கிடையாது. 1936ஆம் ஆண்டு தொடங்கி குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டினார்கள். கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்தன. சிலைகள், மணிகள், சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள்கூடக் கிடைத்தன. ஆனால் கடாரத்தை ஆண்டவன் இன்னான், அவன் தந்தை இன்னான், அவர்கள் இன்ன குலத்தவர் என்று தெளிவாகச் சொல்லும் பழங்கல்வெட்டு ஒன்றும் இதுவரை அங்கே கிடைக்கவில்லை.

எழுத்துப் பொறித்த கல்லே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1834ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு தூபியின் உருவமும் சமஸ்கிருத வரிகளும் இருந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் பிறகு கல்கத்தா அரும்பொருளகத்துக்குப் போயிற்று. அதில் ஒரு பெயர் உண்டு. ஆனால் அது அரசன் பெயரன்று. 'சிவந்த மண்' நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயர். கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருக்கிறான். புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்திலும் எழுத்துள்ள பாறை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்காக அந்தத் திருவிழாவுக்குப் போய்வருபவர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது.

அப்படியானால் கடாரத்து அரசர்களின் பெயரை நாம் எப்படி அறிந்தோம்? சூளாமணிவர்மன், அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன், பிறகு சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்று மூன்று பெயர்களை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஆனைமங்கலத்தின் பெயரால் வழங்கும் செப்பேட்டிலும், தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லிலும்தான். ஒரு வீட்டின் குலமுறை அந்த வீட்டில் இல்லாமல் அண்டை வீட்டாரின் பெட்டிக்குள் கிடைத்தது போன்ற நிலை இது. அதனாலேயே அதைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மூன்று தலைமுறையும் ஒரு கல்லும்

கல்வெட்டு ஓர் அரச மரபை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்குத் தென்கிழக்காசியாவின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று கிழக்குக் கலிமந்தானில் இருக்கிறது. மகாகாம் ஆற்றங்கரையில் மூவாரா காமான் என்ற இடத்தில் வேள்வித் தூண்கள் கிடைத்தன. 1879ஆம் ஆண்டில் நான்கும், 1940ஆம் ஆண்டில் மேலும் மூன்றும் கண்டெடுக்கப்பட்டன. காலம் ஏறத்தாழ கி.பி. 400. மூலவர்மன் என்ற அரசன் பிராமணர்களுக்குப் பசுக்களும் பொன்னும் தானம் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது.

அதைவிடச் சுவையான செய்தி, அவன் தன் முன்னோரைச் சொல்லும் விதம். பாட்டன் பெயர் குண்டுங்கன். தந்தை பெயர் அசுவவர்மன். பிறகு மூலவர்மன். பாட்டன் பெயரில் சமஸ்கிருதச் சாயல் இல்லை; அது அந்த மண்ணின் பெயர். தந்தை காலத்தில் 'வர்மன்' வந்து ஒட்டிக்கொள்கிறது. வம்சத்தைத் தோற்றுவித்தவன் என்ற சிறப்பைக் கல்வெட்டு யாருக்குக் கொடுக்கிறது தெரியுமா? பாட்டனுக்கு அல்ல, தந்தைக்கு! ஓர் ஊர்த்தலைவன் குடும்பம் அரச குடும்பமாக மாறிய தருணம் அந்த ஒரு சொல்லில் பிடிபட்டுவிடுகிறது. எந்தப் புலவரும் இதை விளக்கி எழுதி வைக்கவில்லை. மூன்று பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

ஸ்ரீவிஜயத்தின் கற்கள்

இத்தகைய தெளிவு ஸ்ரீவிஜயத்தின் சொந்தக் கற்களில் கிடையாது. சுமத்ராவில் பலெம்பாங்குக்கு அருகே 1920ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கெடுக்கான் புக்கிட் கல்வெட்டின் காலம் கி.பி. 683. மொழி பழைய மலாய். எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்து. மலாய் மொழியில் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இது முன்வரிசையில் நிற்கிறது என்பதால், மலாய் மொழி வரலாற்றைப் படிக்கிற எவரும் பல்லவ எழுத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தபுந்தா ஹியாங் என்ற தலைவன் படையோடு புறப்பட்டு வந்து வெற்றியோடு ஓர் ஊரை அமைத்ததை அது கூறுகிறது. படை இருபதாயிரம் என்கிறது. நடந்து வந்தவர்கள் 1,312 பேர் என்றும் சொல்கிறது. இருபதாயிரம் என்பது அரசனின் எண்; 1,312 என்பது கணக்கரின் எண். கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழக வேண்டும்.

அதே வட்டாரத்தில் கிடைத்த தெலாகா பத்து கல் பார்ப்பதற்கே விநோதமானது. மேலே ஏழு தலை நாகம். கீழே நீர் வடியும் வாய். நாகத்தின் தலையில் ஊற்றிய நீர் எழுத்துகளின் மேல் வழிந்து இறங்கும். அதைக் குடித்து அதிகாரிகள் விசுவாசப் பிரமாணம் எடுப்பார்கள். துரோகம் செய்தால் குடித்த நீரே கொல்லும் என்பது சாபம். யுவராஜன் முதல் படைத்தலைவர், எழுத்தர், கப்பல் தலைவர், வணிகர், அரண்மனை வண்ணார் வரை எல்லாரையும் அந்தக் கல் பெயர் சொல்லி அழைக்காமல் பதவி சொல்லி அழைக்கிறது. அரசாங்கம் எப்படி நடந்தது என்பதற்கு அருமையான சான்று. ஆனால் அரசர் குலத்தின் வரிசை அதில் இல்லை.

இதனால் நேர்ந்த குழப்பம் சாதாரணமானதன்று. பாங்கா தீவில் 1892ஆம் ஆண்டில் கிடைத்த கோத்தா கப்பூர் கல்வெட்டைப் படித்தவர் ஹெண்ட்ரிக் கெர்ன் என்ற டச்சு அறிஞர். சமஸ்கிருதத்தில் பெரும் புலமை கொண்டவர். அவர் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 'ஸ்ரீவிஜயம்' என்பதை ஓர் அரசனின் பெயர் என்று கொண்டார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் மலாக்கா நீரிணையைக் கையில் வைத்திருந்த ஓர் அரசு அவ்வளவு முழுமையாக மறக்கப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1918ஆம் ஆண்டில், ஜார்ஜ் செடெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அது அரசன் பெயர் அல்ல, நாட்டின் பெயர் என்று நிறுவினார்.

அவர் எதை வைத்து நிறுவினார்? பாங்கா கல்வெட்டு ஒன்று. தாய்லாந்தின் தென்பகுதியில் கிடைத்த, கி.பி. 775ஆம் ஆண்டைச் சேர்ந்த லிகோர் கல்வெட்டு ஒன்று. சீன நூல்களில் வரும் 'ஷிலிஃபோஷி', 'சன்ஃபோச்சி' என்ற நாட்டுப் பெயர்கள். இவற்றோடு சேர்ந்து நின்ற வலுவான சாட்சிகள் ஆனைமங்கலச் செப்பேடும் தஞ்சைக் கல்வெட்டும். சுமத்ராவின் மறந்துபோன ஒரு பேரரசைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் தமிழ்க் கல்லுக்கும் தமிழ்ச் செப்பேட்டுக்கும் பங்கு உண்டு என்பதை இங்குள்ள தமிழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அண்டை வீட்டில் கிடைத்த குலமுறை

ஸ்ரீவிஜய அரசர்கள் சைலேந்திர குலத்தவர் என்று கூறப்படுகிறது. இந்தக் குலமுறையின் ஒரு பகுதி பீகாரில் உள்ள நாளந்தாவில் கிடைத்தது. 1921ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட அந்தச் செப்பேட்டை வெளியிட்டவன் வங்கத்துப் பால மன்னன் தேவபாலன். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. சுவர்ணதீபத்து அரசன் பாலபுத்திரன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டினான்; அதன் செலவுக்கு ஐந்து ஊர்கள் கொடுக்கப்பட்டன. அந்தச் சாக்கில் பாலபுத்திரனின் தந்தை, தாய் தாரா, ஜாவாவை ஆண்ட பாட்டன் என்று குடும்பமே அதில் பதிவாகிவிட்டது.

அதே கதைதான் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து நாகப்பட்டினத்திலும் நடந்தது. சூளாமணிவர்மன் அங்கே ஒரு பௌத்த விகாரையைத் தொடங்கினான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். சைவனான சோழன், பௌத்தனான கடாரத்து அரசன் கட்டிய விகாரைக்கு ஊர் கொடுத்தான் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் வியப்பாக இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் பெயர் பெற்றது. மொத்தம் 21 ஏடுகள். ஐந்து சமஸ்கிருதம், பதினாறு தமிழ். அரச குலத்தைத் தேடுபவர்கள் சமஸ்கிருதப் பகுதியைத்தான் முதலில் புரட்டுவார்கள். சோழர் வம்சாவளியும் சைலேந்திர குலப் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் உயிருள்ள பகுதி தமிழ்ப்பகுதி என்று சொல்ல வேண்டும். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுதியவர் யார், ஒப்பிட்டுப் பார்த்தவர் யார், எந்தெந்த அதிகாரி உடனிருந்தார், ஆணை ஊருக்கு வந்து சேர்ந்தபோது நாட்டார் எதிர்சென்று தலைமேல் வைத்தது, பிடி நடத்தி எல்லை காட்டியது, கள்ளியும் கல்லும் நாட்டியது என்று ஒவ்வொன்றும் வரிசையாக வருகிறது. நிலம் 97 வேலிக்கு மேல். அதிலிருந்து விகாரைக்குச் சேர வேண்டிய நெல் 8,900 கலத்துக்கு மேல். வெளிநாட்டு அரசனுக்குக் காட்டிய மரியாதை ஒருபுறம் இருக்கட்டும், நெல்லை நாழிவரை அளந்து எழுதிய அந்த அலுவலகத்தின் ஒழுங்கைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

இராசராசன் இறந்த பிறகு இந்தத் தானத்தை நிலைப்படுத்திச் செப்பேடாக வெட்டுவித்தவன் அவன் மகன் இராசேந்திரன். நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயிலில் இராசேந்திரனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. ஸ்ரீவிஜய அரசனின் சார்பாளர்கள் அங்கிருந்த சிவன் கோயிலுக்கு விளக்கும் நகையும் சீனத்துப் பொன்னும் கொடுத்ததை அவை சொல்கின்றன. 1014 முதல் 1019 வரை இந்த நட்பு நீடித்தது.

பிறகு 1025 வருகிறது.

தஞ்சைக் கல் சொல்வதும் சொல்லாததும்

1025 என்ற ஆண்டு எந்தக் கல்லிலும் வெட்டப்பட்டிருக்கவில்லை. சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் கி.பி.யும் இல்லை, சகாப்தமும் இல்லை. இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனை என்றுதான் இருக்கும். பட்டப்பெயரும் இரண்டே: ஒருவர் இராசகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி. வெறும் பட்டப்பெயரோடு ஒரு கல் கிடைத்தால் அது எந்த இராசகேசரி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வை இராசராசன் தன்னையறியாமல் தந்துவிட்டான். தன் வெற்றிகளைப் பாட்டாக்கி ஒவ்வொரு கல்வெட்டின் தலைப்பிலும் பொறிக்கச் செய்தான். இதுதான் மெய்க்கீர்த்தி. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு வரி கூடிக்கொண்டே போகும். எனவே எந்த ஆண்டுக் கல்வெட்டில் எந்த வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தப் போர் எப்போது நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இராசேந்திரனின் கங்கை வெற்றியைச் சொல்லும் திருமலைக் கல்வெட்டில் கடாரம் இல்லை. 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில் கடாரம் இருக்கிறது. இல்லாத வரியிலிருந்தும் இருக்கிற வரியிலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்பட்டதுதான் 1025 என்ற ஆண்டு.

முழுமையான பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கடல் கடந்து கப்பல்களை அனுப்பி, சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்ற கடாரத்து அரசனை அவன் யானைப்படையோடு அகப்படுத்தி, அவன் சேர்த்து வைத்த செல்வத்தையும் வித்தியாதர தோரணம் என்ற வாயிலையும் கைப்பற்றியதாக அது கூறுகிறது. பிறகு பதின்மூன்று ஊர்கள்: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியாகக் கடாரம்.

இந்தப் பட்டியலைப் படித்த முதல் தலைமுறை அறிஞர்கள் திணறிப்போனார்கள். கடாரம் மதுரைப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர் என்று ஒரு கருத்து முதலில் எழுந்தது. பர்மாவில் இருக்க வேண்டும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். கடல் கடந்து போய்த்தான் வென்றான் என்று கல்லே சொல்லும்போது மதுரைப் பக்கம் தேடியது இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் ஸ்ரீவிஜயம் என்ற நாடே தெரியாத காலம் அது. பிறகு ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்ந்தது. பாட்டுக்காகச் சேர்த்த 'மா', 'தலை' போன்ற முன்னொட்டுகளை நீக்கினால் ஊர் தெரிந்தது. மாநக்கவாரத்தில் மாவை எடுத்தால் நக்கவாரம், அது நிக்கோபார். இலாமுரி ஆச்சே பக்கம். மலையூர் ஜாம்பி வட்டாரம். பண்ணை சுமத்ராவின் கீழைக்கரை. இலங்காசோகம் பட்டாணிப் பகுதியில் இருந்த லங்காசுகா. தமாலிங்கம் இன்றைய நக்கோன் சி தம்மராட். வளைப்பந்தூறு எங்கே என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

இவ்வளவும் சொல்லும் கல், ஒன்றைச் சொல்லவில்லை. கடாரத்தைச் சோழ மண்டலமாக்கியதாகவோ, அங்கே அதிகாரியை அமர்த்தியதாகவோ, நிலம் அளந்து வரி விதித்ததாகவோ ஒரு வார்த்தை கிடையாது. இங்கேதான் நம் மேடைப் பேச்சாளர்கள் பலர் தடம் மாறுகிறார்கள். "சோழன் மலாயாவை ஆண்டான்" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். கல்லில் அதற்கு ஆதாரம் கிடைக்காது.

சோழர் உண்மையிலேயே ஆண்ட ஒரு கடல்கடந்த நாட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். இலங்கையின் வடபகுதி மும்முடிசோழ மண்டலம் ஆயிற்று. பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இருக்கிறது. அதன் சுவரில் சோழர் கல்வெட்டு இருக்கிறது. பதவியாவிலும் இருக்கிறது. ஆட்சி நடந்த இடத்தில் கோயில், விளக்குக்குக் கொடுத்த ஆடு, காசு, அதிகாரி பெயர் என்று கல் பேசிக்கொண்டே இருக்கும். கெடாவில் அத்தகைய சோழர் கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மேலும் 1028ஆம் ஆண்டிலேயே சன்ஃபோச்சி அரசன் சீனாவுக்குத் தூது அனுப்பியதாகச் சீன ஏடுகள் கூறுகின்றன. மூன்று ஆண்டுகளில் அங்கே ஓர் அரசன் தன் பெயரில் தூது அனுப்பும் நிலையில் இருந்திருக்கிறான்.

அதற்காகப் படையெடுப்பே கட்டுக்கதை என்று மறுகோடிக்குப் போய்விடக் கூடாது. பதின்மூன்று ஊர்களின் பெயரைக் கற்பனையில் எழுதிவிட முடியாது. அந்த அரசன் பெயரும் கற்பனையாக இருக்கும் என்று நினைக்க இடமில்லை. அதற்கு முன் ஆண்ட இருவரின் பெயரும் சீன ஏடுகளில் 1003, 1008ஆம் ஆண்டுகளில் சீன ஒலிப்பில் பதிவாகியிருக்கின்றன. ஆனைமங்கலச் செப்பேட்டோடு ஒத்துப்போகின்றன. சோழ அலுவலகம் கடாரத்து அரசர் பெயர்களைச் சரியாகத்தான் எழுதியது என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. வெற்றி பெற்றவன் தோற்றவன் பெயரை மறைக்காமல் கல்லில் எழுதி வைத்ததால்தான் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்ற பெயர் பிழைத்தது. அவனுடைய நாட்டில் அந்தப் பெயர் தாங்கிய கல் இல்லை.

பிறகும் தொடர்ந்த உறவு

1069ஐ ஒட்டி வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அடிபணிந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவன் கல்வெட்டு கூறுகிறது. 1090ஆம் ஆண்டில் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்து அரசனின் தூதர் இருவர் வந்து, நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களின் வரிச்சலுகையைச் செப்பேட்டில் எழுதித் தரக் கேட்டனர், அவ்வாறே எழுதப்பட்டது. அந்தப் பள்ளிகளின் பெயர் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி. தங்கள் தலைநகரைச் சூறையாடியவனின் பெயர் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்துத் தூதர் வந்து வாதாடியிருக்கிறார்கள். அரசர்களின் உறவு, கப்பலும் வாணிபமும் இருக்கும்வரை, ஒரு போரோடு முறிந்துவிடுவதில்லை போலும்.

கல்லே குழப்பத்தைக் கொண்டுவருவதும் உண்டு. சீனத்துக் குவாங்சோ நகரில் ஒரு தாவோ கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் 1079ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அதற்குப் பணம் கொடுத்த சன்ஃபோச்சித் தலைவனை 'திஹுவாஜியாலுவோ' என்கிறது. 1077ஆம் ஆண்டில் தூது அனுப்பிய சோழ மன்னன் பெயராகச் சீன ஏடுகள் சொல்வதும் அதே 'திஹுவாஜியாலுவோ'தான். இருவரும் ஒருவரா? குலோத்துங்கன் இளமையில் ஸ்ரீவிஜயத்தில் இருந்தானா? அல்லது சீன எழுத்தர்கள் இரண்டு நாடுகளையும் குழப்பிக்கொண்டார்களா? ஆம் என்பாரும் இல்லை என்பாரும் இருக்கிறார்கள். அரசன் பெயரை நான்கு சீன ஓசைகளாக உடைத்த பிறகு அதைத் திரும்ப ஒட்டவைப்பது எளிதன்று.

இந்த வாதங்களுக்கு நடுவே சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த ஒரு தமிழ்க் கல் அமைதியாக ஒரு செய்தியைச் சொல்கிறது. 1873ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட கல் அது. நானாதேசத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. கப்பல் தலைவனும் மற்றவர்களும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்திவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும் என்பது அவர்கள் செய்த ஏற்பாடு. மொழி தமிழ், எழுத்தும் தமிழ். சுமத்ராவில் நின்ற கல்.

அதன் காலக்குறிப்பைப் பாருங்கள். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. தஞ்சையிலும் சிதம்பரத்திலும் அந்த ஆண்டில் எந்தக் கல்லை வெட்டினாலும் குலோத்துங்க சோழ தேவருக்கு யாண்டு இத்தனை என்று தொடங்கியிருப்பார்கள். பாருஸில் குலோத்துங்கன் பெயர் இல்லை. கடாரத்து அரசன் பெயரும் இல்லை. எந்த அரசன் பெயரும் இல்லை. தமிழர் அங்கே இருந்தார்கள். பொன்னும் கஸ்தூரியும் கைமாறின. சோழ அரசனின் ஆட்சியாண்டை எழுத வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. கடல்கடந்த நாட்டில் தமிழர் இருந்ததும் தமிழரசு இருந்ததும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கல் வேறில்லை.

இழந்தவை

இருக்கிற கற்கள் இவ்வளவு சொல்லும்போது, போன கற்களும் கட்டடங்களும் என்னவெல்லாம் சொல்லியிருக்கும்? நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்மன் தொடங்கிய விகாரை நின்ற பகுதியில் ஒரு பழைய செங்கல் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது. 1867ஆம் ஆண்டில், அரசாங்க அனுமதியோடு, அது இடித்துத் தள்ளப்பட்டது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அழிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு இறுதியில் வெளியானது; பலர் கொதித்தெழுந்தார்கள். அதற்கு முன் அந்தச் சண்டி இருந்ததையே அறியாதவர்களும் அவர்களில் உண்டு.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை நின்றது. ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்து. 1819ஆம் ஆண்டில் அது வெள்ளையர் கண்ணில் பட்டது. படியெடுக்க முயன்றார்கள்; படிக்க முடியவில்லை. 1843ஆம் ஆண்டில், ஆற்றின் வாயை அகலப்படுத்துவதற்காக, வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்று பின்னர் திரும்பி வந்து இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அந்த எழுத்து எந்த மொழி என்பதுகூட முடிவாகவில்லை. காலம் பத்தாம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடையில் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். 2019ஆம் ஆண்டில் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், எஞ்சிய பகுதியில் 'கேசரிவ' என்று படிக்கத்தக்க எழுத்துகள் தென்படுவதாகவும், அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டப்பெயரின் துண்டாக இருக்கக்கூடும் என்றும் எழுதினார். இராசேந்திரனும் ஒரு பரகேசரிதான். ஆனால் சில எழுத்துகளை வைத்து ஒரு வரியைக்கூட நிரப்ப முடியாது. அந்தப் பெயருக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது, வென்றான் என்று இருந்ததா, கொடுத்தான் என்று இருந்ததா, வேறு யாராவது அவனைப் பற்றி எழுதியதா என்பதைச் சொல்லக்கூடிய மற்ற வரிகள் 1843ஆம் ஆண்டிலேயே தூளாகிவிட்டன.